தாய்வீட்டுக்குப் போன வட்டச்செய்

வட்டச்செய் என்கிற வயலின் மண் கிளம்பிப் போனது ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு. நேரம் இத்தனை சரியாகத் தெரியக் காரணம், காளையார்கோவில் போகிற டவுன் பஸ் அந்த நேரத்துக்குத்தான் நெடுங்கரை விலக்கில் வந்து நிற்கும், அன்றைக்கு அது நாற்பது நிமிஷம் நின்றது, மண் ரோட்டைக் கடந்து முடிக்கிற வரைக்கும்.

காற்று இல்லை. புழுதி பறக்கவில்லை. முதலில் ஈசானி மூலை அசைந்து எழுந்தது, பிறகு நடு வயல், பிறகு வாய்க்கால் ஓரம், அப்படியே ஒன்றேகால் ஏக்கர் மண்ணும் முழங்கால் ஆழத்துக்குப் பெயர்ந்து, போன அறுவடையில் தீ வைத்துக் கருகின நெல்தாளையும் மிச்சமிருந்த ஏழெட்டு மண்புழுக்களையும் மடியில் கட்டிக்கொண்டு, சினைப்பசு நடக்கிற நடையில் வரப்பைத் தாண்டி, ரோட்டில் ஏறி, எதிர்ப்பக்கம் இறங்கி, ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த பெரிய கண்மாய்க்குள் போய், நடுமடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. வயலில் மிஞ்சியது செம்பூரான் பாறை மட்டும்தான், கழுவிக் கவிழ்த்த செப்புத் தட்டு மாதிரி. அதன்மேல் ஒரு காக்காய் நடந்தபோது நகம் டிக்டிக்கென்று கேட்டது.

பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "எந்த ஊர் மண்ணுங்க இது?" என்று கேட்டார். பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "டிக்கெட் போடப் போறீகளாக்கும்" என்றார்கள். என் அப்பா ரோட்டோரத்தில்தான் நின்றிருந்தார். கேள்வி காதில் விழாதவர் மாதிரிப் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொர்ணவல்லி, பிளஸ் டூ படிக்கிறேன், எனக்கு ஊரில் எல்லாருடைய குரலும் வரும். தலைமையாசிரியை குரலில் மைக்கில் பேசிப் பள்ளிக்கூடத்தை அரை மணி முன்னாலேயே விட்டதற்கு மூன்று நாள் வெளியே நின்றிருக்கிறேன். அப்பாவின் செருமல் எவ்வளவு சுத்தமாக வருமென்றால், அம்மா இரண்டு தடவை ஆளே இல்லாத இடத்தில் தட்டு வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விளையாட்டு ஓடவில்லை. ஏனென்றால் வட்டச்செய் எங்களுடையது, எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

நெல்லு விளைகிறது ஒரு பக்கம், என் அப்பாவுக்குப் பேரே அந்த வயல்தான். ஊரில் இன்னும் இரண்டு முத்திருளாண்டிகள் இருக்கிறார்கள். இவர் வட்டச்செய் முத்திருளாண்டி. ரேஷன் கடையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் எழுதுவார்கள், கோவில் திருவிழா மைக்கில் அப்படித்தான் சொல்லுவார்கள். அந்த மைக்கில் பேர் வரும்போது அவர் துண்டை உதறித் தோளில் போடுகிற அழகை நான் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறேன். மறுநாள் சனிக்கிழமை காலையில் விலக்கில் இருக்கிற டீக்கடையில் கருமலையான் அண்ணன், "முத்திருளாண்டிக்கு ஒரு டீ" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. அப்பா டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமலேயே வந்தார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஒரு வாரத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை என்று எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எல்லாம் கண்மாய்க்குள் போய்ப் பார்த்தார்கள், சேமியா ஐஸ்காரர் வண்டியைக் கரைமேலேயே நிறுத்திக்கொண்டார். வி.ஏ.ஓ. சார் வந்து மண்ணைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். பட்டா நிலம் கண்மாய்ப் புறம்போக்கில் உட்கார்ந்திருக்கிறது, இது ஆக்கிரமிப்பு, ஆனால் நோட்டீஸை யாருக்குக் கொடுப்பது, முத்திருளாண்டிக்கா மண்ணுக்கா என்று அவருக்குக் குழப்பம். கடைசியில் ஒரு குச்சியை நட்டு நோட்டீஸை மண்ணின்மேலேயே குத்திவைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் மண் அந்தக் காகிதத்தை மக்கவைத்துத் தின்றுவிட்டது.

"பசியில இருந்திருக்கு" என்றாள் அம்மா.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. ஊரில் மற்றவர்களுடைய வயல்களும் ராவோடு ராவாகக் கண்மாய்ப் பக்கமாக நாலு விரல்கடை நகர்ந்திருந்தன. நாலே விரல்கடைதான், வரப்போரத்தில் ஒரு கோடு போட்ட மாதிரி வெடிப்பு. அதைப் பார்த்ததும் ஊர் நடுங்கிப்போயிற்று. தாளுக்குத் தீ வைக்கத் தீப்பெட்டியோடு போனவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பினார்கள். பத்து வருஷமாகக் குப்பைக்குழியில் கிடந்த எருவெல்லாம் விடிவதற்குள் கூடை கூடையாக வயலுக்குப் போயிற்று. மேலத்தெருப் பெரியப்பா ஒருத்தர் வரப்பில் நின்று, தன் வயலைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். அந்தக் குரலை அன்றைக்கே பழகிக்கொண்டேன். பெரியம்மாவிடம் அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஊரெல்லாம் கூடி, இரண்டு டிராக்டர் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணை அள்ளிக்கொண்டுவந்து பாறைமேல் கொட்டி நிரவினார்கள். சாயங்காலம் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு மண் மறுபடி எழுந்து, அதே நடையில், அதே வழியில் கண்மாய்க்குப் போனது. இந்தத் தடவை கண்டக்டர் முன்கூட்டியே இறங்கிக் கையைக் காட்டி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். அடுத்த நாளும் அள்ளினார்கள், அதற்கடுத்த நாளும் அது போயிற்று. பஸ்காரர்கள் நேரத்தை மாற்றி எழுதிவிட்டார்கள்.

புரட்டாசி பிறக்கப்போகிறது. எங்கள் பக்கத்தில் நாற்றங்கால், நடவு எல்லாம் கிடையாது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். விதை மூட்டை வீட்டில் தயாராக இருந்தது. கிழக்கே மேகம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு நல்ல மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறினால், வட்டச்செய் கரைந்து கண்மாயோடு கண்மாயாகிப் போகும், அப்புறம் எந்த மண் எங்களுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அன்றைக்கு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா கரண்ட் இல்லாத வேக்காட்டில், காலண்டர் ஆணியில் தொங்குகிற மண்வள அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். வேளாண்மை ஆபீசில் மண்ணைப் பரிசோதித்து, இதற்குச் சத்து இல்லை, உப்பு ஏறியிருக்கிறது, தழை உரம் போடுங்கள் என்று எழுதிக்கொடுத்த அட்டை. மூன்று வருஷமாக அது எங்கள் வீட்டில் நல்ல விசிறி.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போனா," என்றாள் அம்மா, கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "டிராக்டர் வச்சா அள்ளிக்கிட்டு வருவாக?"

அப்பாவின் கை விசிறலை நிறுத்தியது.

அம்மா சொன்னது சட்டென்று புரிகிற விஷயம்தான். வட்டச்செய்க்குத் தாய்வீடு கண்மாய்தான். கோடை வந்தால் கண்மாய் வண்டலை வெட்டி, வண்டி வண்டியாக அடித்து வயலில் போடுவது எங்கள் ஊர் வேலை. அப்படிப் போட்டுப் போட்டு, பாறைமேல் முழங்கால் ஆழத்துக்கு வளர்ந்த மண் அது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யூரியா மூட்டை வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்ததும் அப்பா வண்டலை நிறுத்தினார். அன்றையிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் போக்குவரத்து இல்லை.

"நான் போனப்ப எதுக்குப் போனேன்?" என்றாள் அம்மா.

ஏனென்று எனக்கே தெரியும். நான் ஒன்றாவது படிக்கும்போது, டீக்கடையில் வைத்து யாரோ "வீட்டுல என்ன பண்ணுறாக" என்று கேட்டதற்கு அப்பா, "அவ என்ன, சும்மா கெடக்குறா" என்று சொல்லிவிட்டார். அதற்கு அம்மா நாற்பத்தொரு நாள் தாய்வீட்டில் இருந்தாள். பழம், பூ, சேலை எதற்கும் அசையவில்லை. எங்கே வைத்து, யார் முன்னால் சொன்னீர்களோ, அங்கே வைத்து, அவர்கள் முன்னால் மாற்றிச் சொல்லுங்கள் என்றாள். அப்பா டீக்கடையில் நின்று மாற்றிச் சொன்னார். அம்மா வந்தாள்.

"இந்த மண்ணை யாரு முன்னாடி வச்சு அப்படிச் சொன்னீக?"

"சொர்ணம் உன்கிட்டச் சொல்லிட்டாளா?"

"ரெண்டு குரல்லயும் பேசியே காட்டிட்டா."

காட்டினேன்தான். அந்த வெள்ளிக்கு மூன்று நாளைக்கு முன்னால் செங்கல் சூளைச் சேம்பர் ஏஜென்ட் தங்கமாரி வந்து, வட்டச்செய்யில் கம்பியை இறக்கி ஆழம் பார்த்து, பாறை வரைக்கும் மண்ணை அள்ளிக்கொள்வதாகப் பேசி, வெற்றிலை பாக்கை நீட்டினார். அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டு, "சும்மா கெடக்குற மண்ணுதானே, அள்ளிக்கங்க" என்றார். வரப்பில் நான் இருக்கும்போதே, வயலில் நின்றபடி, வயலின்மேல் நின்றபடி சொன்னார்.

"அந்த ஆள் முன்னாடி நான் போய் நிக்கணுமா?" என்றார் அப்பா இப்போது. "பாக்கை வாங்கிட்டு, திருப்பிக் குடுக்குறேன்னு? ஊர் சிரிக்கும்."

"ஊரு இப்ப அழுகுதாக்கும்" என்றாள் அம்மா.

அவர் தன் வழியில் ஒரு முயற்சி பண்ணினார். வியாழக்கிழமை தட்டில் பழம், பூ, மஞ்சள் எல்லாம் வைத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனார். மடை திறக்கிற சோணையா, கண்மாயின் சார்பில் பெண்வீட்டு ஆளாக நின்றார். அவருக்கு வாழ்க்கையிலேயே இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை, அதற்காகவே வெள்ளைச் சட்டை போட்டு, மடைக்கல்மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். அப்பா தட்டை வைத்தார். மண் ஒரு சுற்று உருண்டு, மடைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"பிள்ளைக்கு இஷ்டமில்லை மாப்ள" என்றார் சோணையா, வெகு திருப்தியாக.

அன்று சாயங்காலம் கிழக்கே மின்னல் வெட்டியது. அப்பா வாசலில் உட்கார்ந்து விதை மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள், அதற்குமேல் வானம் தாங்காது என்று எனக்குத் தோன்றிற்று. அவருடைய போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். ஒரு தடவை செருமினேன். அப்பாவின் செருமல், கடைசியில் மூக்கில் முடிகிற அதே செருமல்.

"தங்கமாரி அண்ணே, வட்டச்செய் முத்திருளாண்டி பேசுறேன். மண்ணு கண்மாய்க்குள்ள அம்பாரமாக் கெடக்கு. வெட்டக்கூட வேணாம், அள்ள வேண்டியதுதான். மழைக்கு முன்னாடி வாங்க. நாளைக்கே வாங்க."

"அண்ணே, உங்களைச் சொல்லணும்ணே," என்றார் தங்கமாரி. "மண்ணை நீங்களே ஓரிடத்துல குமிச்சு வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். பெரிய மனசு."

அப்படியாக மறுநாள் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஒரு ஜேசிபியும் மூன்று டிப்பர் லாரியும் கண்மாய்க்குள் இறங்கின. ஊர் மொத்தமும் கரைக்கு வந்துவிட்டது. வானம் வெங்காயச் சருகு நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓடி வந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"யாரைக் கேட்டு வண்டியை இறக்குனீக?"

தங்கமாரி சிரித்தார். "என்னண்ணே, நேத்து நீங்கதானே போன் பண்ணுனீங்க. அம்பாரமாக் கெடக்கு, அள்ளிக்கங்கன்னு."

கரையில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்ததை எந்தக் குரலிலும் சொல்ல முடியாது. அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். என் நெஞ்சுக்குள்ளே ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் நான் யோசிக்காத ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை, பேர் போய்விட்டது, மண் முகம் கொடுக்கவில்லை, மழை வரப்போகிறது, அள்ளிக்கொண்டு போங்கள் என்று அவர் கையை அசைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. வாளி மண்ணுக்கு ஒரு முழம் மேலே நின்று ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா செருமினார். மூக்கில் முடிகிற செருமல்.

"ஆமா," என்றார். "நாந்தான் போன் பண்ணேன்."

சோணையா மடைக்கல்லிலிருந்து எழுந்தே விட்டார். அம்மா மட்டும் அசையவில்லை.

"வாங்கன்னு கூப்பிட்டேன். எதுக்குன்னா, உங்க முன்னாடி ஒண்ணு சொன்னேன், அதை உங்க முன்னாடியே மாத்திச் சொல்லணும்." அப்பா மடியிலிருந்து, பத்து நாளாக வாடிச் சருகான அந்த வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து லாரியின் படிமேல் வைத்தார். பிறகு மண்ணுக்கு எதிரே போய் நின்றார், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சும்மா கெடக்குற மண்ணுன்னு சொல்லிட்டேன். சும்மா கெடந்தது நாந்தான். பன்னெண்டு வருசமா உனக்கு ஒரு கூடை வண்டல் போடலை. கெடை போடட்டுமான்னு கீதாரி ஆட்டைப் பத்திக்கிட்டு வந்து கேட்டாரு, நாத்தமடிக்கும்னு அனுப்புனேன். தாளை மடக்கி உழுகச் சோம்பப்பட்டுத் தீ வச்சேன். உனக்கு மேலுக்குச் சரியில்லைன்னு அட்டையில எழுதியே குடுத்தாக, அதை வச்சு விசிறிக்கிட்டு இருந்தேன்." குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்கு இன்றைக்கும் வரவில்லை. "இதெல்லாம் இனிமே நடக்காது. நடந்தா நீ போ. நான் கூப்பிட வரமாட்டேன், எனக்கு அந்த முகம் இல்லை."

சோணையாவுக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. "பிள்ளையை லாரியில அனுப்ப மாட்டோம்" என்றார் கண்டிப்பாக.

"லாரி வேணாம்," என்றார் அப்பா. "நடந்தே கூட்டிட்டுப் போறேன்."

தங்கமாரி ஜேசிபி டிரைவரைப் பார்த்தார். அந்தப் பையனும் ஏதோ ஒரு ஊரில் வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். அவன் வண்டியை அணைத்து, வாளியைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினான்.

அப்பா திரும்பி நடந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவைக் கூட்டி வந்த அன்றைக்கும் அவர் இப்படித்தான் முன்னால் நடந்தார் என்று சொல்வார்கள். பத்து அடி போயிருப்பார். மண் எழுந்தது. போகும்போது சினைப்பசு போல நடந்த மண், வரும்போது பூரண கர்ப்பிணி போல வந்தது, இன்னும் கனமாக, இன்னும் மெதுவாக, இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம் விழ. அம்மா அதன் பக்கத்திலேயே, ஏதோ பேசிக்கொண்டு நடந்தாள். அவர்களுக்குள் என்ன பேச்சு என்று ஒட்டுக்கேட்க நான் எவ்வளவோ முயற்சி பண்ணினேன்.

ரோட்டில் டவுன் பஸ் நின்றது. புது நேரத்திலும் மாட்டிக்கொண்டது. கண்டக்டர் படியில் தொங்கி, பழக்கதோஷத்தில், "எந்த ஊர் மண்ணுங்க?" என்றார்.

"நெடுங்கரை வட்டச்செய்," என்றார் அப்பா, பஸ்ஸுக்குள் கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி. "நான் அதோட ஆளு."

கண்டக்டர் இறங்கி நின்று வழி விட்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போகிற மண்ணைத் தொட்டுக்கொண்டார்கள். அது பாறைமேல் ஏறி, மூலைக்கு மூலை நீட்டிப் படுத்து, ஒரு தடவை புரண்டு, அமர்ந்தது. அதே நேரத்தில் ஊரில் மற்ற வயல்கள் எல்லாம் நாலு விரல்கடை பின்னால் போயின என்று பிறகு சொன்னார்கள். அன்று மதியமும் மறுநாளும் நாங்கள் உழுது விதைத்தோம், மூன்றாம் நாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து வி.ஏ.ஓ. சார் டேப்போடு வந்தார். நிலம் பழைய இடத்தில்தான் இருக்கிறது என்று எழுதி மேலே அனுப்ப வேண்டுமாம். நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், எல்லாம் சரியாக இருந்தது. வரப்பில் நின்று பார்த்தவர் முகம் சுருங்கியது. வரப்புக்கு ஒரு சாண் கீழே இருந்த வயல் இப்போது வரப்புக்குச் சமமாக இருந்தது. மேலே ஒரு சாண் உயரத்துக்குப் புது மண், கண்மாய் வண்டல், எருமைத் தோல் மாதிரிக் கறுத்து மினுமினுத்தது. அதில் முளைத்திருந்த நெல்லு எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத பச்சை.

"என்னப்பா இது, ஒரு சாண் ஏறியிருக்கு?"

"தாய்வீட்டுச் சீரு சார்," என்றார் அப்பா. "பொம்பளைப் பிள்ளை வெறுங்கையோடயா வரும்?"

"இதை நான் எதுலப்பா எழுதுறது?"

"சீரெல்லாம் நம்ம எழுதக் கூடாதுப்பா, விட்ரு" என்றது ஒரு குரல். அது வி.ஏ.ஓ. சாருடைய குரல். அவரும் தான்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி டேப்பைச் சுருட்டினார்.

அப்பா என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஈரக்காற்றில், நன்றாக உரக்கக் கேட்டது:

"வட்டச்செய் முத்திருளாண்டிக்கு ஒரு டீ."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டு, சந்தேகத்தோடு மறுபடி என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன்.